பெயர் வைக்காத குழு

பெட்டியின் தலைமாட்டில் மைக் ஸ்டாண்டை நிறுத்த வந்தவனின் மணிக்கட்டைப் பெயின்ட் கடைக்காரர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு வைக்கிற?"

"சார், அண்ணன் பாடப் போறாரு சார்."

"எந்த அண்ணன்?"

இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா என்பதுபோல அவன் அவரைப் பார்த்தான். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் பாடகனின் முகம் இருந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஏதோ உச்சத்தில் நிற்கும் முகம்.

"அண்ணன்தான் சார். ஒரு சின்ன சவுண்ட் செக் மட்டும்..."

"உள்ள படுத்திருக்கறது என் மருமகன். அவருக்கு நல்லாவே கேக்கும். எடு."

அவன் ஸ்டாண்டை எடுத்தான். ஆனால் போகவில்லை. தூணோரமாக ஒதுங்கி நின்று போனில் கிசுகிசுத்தான். "மாமனாராம்ணா. பெரியவர் ஒத்துவர மாட்டேங்கறாரு."

மயானத்தை ஒட்டிய அஞ்சலி மண்டபம் அது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஓடாத கடிகாரம், மூலையில் தண்ணீர் கேன். பெட்டியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மலர் வளையங்கள். ஒன்று பாடகனின் புதிய குழு அனுப்பியது, இன்னொன்று கிதார்காரனின் புதிய குழு அனுப்பியது. காலையில் இருந்து அவை இடம் மாறிக்கொண்டே இருந்தன. இந்தக் குழுவின் மேனேஜர் அதைப் பின்னால் தள்ளுவார். அவர் நகர்ந்ததும் அந்தக் குழுவின் மேனேஜர் இதைப் பின்னால் தள்ளுவார். பெயின்ட் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பல்லைக் கடித்துக் கடித்து அவருக்குத் தாடை வலித்தது.

அவருக்குப் பாட்டுக்காரர்கள்மேல் எந்தக் காலத்திலும் மரியாதை இருந்ததில்லை. மகள் ஒரு டிரம்ஸ்காரனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது, "தட்டறதுக்குக் கூடவா ஆள் வைக்கிறாங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர். அந்தப் பையன் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தான். கல்யாணம் நடந்தது. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவின் பாட்டுகள் பஸ்ஸிலும் சலூனிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிக்காத நாள் இல்லை என்று ஆனபோதுகூட அவருக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. மேடையில் நால்வர் முன்னால் நிற்பார்கள். மருமகன் பின்னால் உட்கார்ந்திருப்பான். தெரிந்தவர்கள் டிவியைக் காட்டி, "உங்க மாப்பிள்ளை எதுங்க?" என்று கேட்டால், "அந்தப் பளபளன்னு தட்டு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னால" என்பார்.

குழு உடைந்தது சுவரொட்டியில் யார் முகம் பெரிது என்பதில். அது வளர்ந்து மேடையில் யார் முதலில் ஏறுவது என்றாகி, கடைசியில் ஒருவர் இருக்கும் அறையில் இன்னொருவர் கால் வைப்பதில்லை என்று முடிந்தது. பாடகன் கீபோர்டுகாரனைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினான். கிதார்காரன் பேஸ் வாசிப்பவனை இழுத்துக்கொண்டு இன்னொன்று தொடங்கினான். இரண்டு இடத்திலும் பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள், இரண்டு இடத்திலும் கேக் வெட்டினார்கள். டிரம்ஸ்காரனை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள். பாடகனின் ஆட்கள், "அவன் கிதாருக்கு வேண்டியவன்" என்றார்கள். கிதாரின் ஆட்கள், "அவன் பாடகனோட ஆளு" என்றார்கள். சண்டை நடந்த மாதங்களில் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க மாறி மாறி ஓடியவன் அவன் ஒருவன்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

பிறகு மூன்று வருஷம். போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போவான். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கடைக்கு வந்தான். நிறம் கலந்த டின்களை மூடிக் குலுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வான். "பாட்டு என்னாச்சு?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், "பேசிட்டிருக்கோம்" என்பான். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பெயின்ட் கடைக்காரர் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. பாடகனின் ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மருமகன் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். டிரம்ஸை ஏற்றக் கடை வேன் தேவைப்பட்டதால் அவரே ஓட்டிக்கொண்டு போனார். மருமகன் உள்ளே போனான். டிரம்ஸை இறக்கச் சொல்லி யாரும் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக, நடைபாதை நாற்காலியில் குச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பது வேனிலிருந்தே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவன் மாதிரி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி வந்தது. பெட்டி பிரிக்காத புத்தம்புது டிரம்ஸ் இறங்கியது. கூடவே ஒரு ஆளும் இறங்கினான். பாடகன் வாசல்வரை வந்து அவன் தோளில் கை போட்டு, நாற்காலியில் இருந்தவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனான்.

வெயில் வேனின் கண்ணாடியை விட்டு இறங்கியபிறகு மருமகன் வெளியே வந்தான்.

"நல்லாப் பேசினாங்க மாமா. கூப்பிடறேன்னிருக்காங்க."

"சரி மாப்பிள்ளை. வாங்க, எங்கயாவது சாப்பிட்டுப் போலாம்."

சாப்பிட்டார்கள். இருவரும் அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் கடைக்குப் பின்னாலிருந்த கோடவுனில் அந்தக் கூத்து ஆரம்பித்தது. போர்டுக்குச் சிவப்பு பெயின்ட் வாங்க வந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், மெஷின் குலுங்கும் சத்தத்துக்குத் தன்னையறியாமல் கவுன்டரில் விரலால் தாளம் போட்டார். விசாரித்தால், இளமையில் பேஸ் கிதார் வாசித்தவராம். மருமகன் அன்றே அவருக்கு 'கிளட்ச்' என்று பெயர் வைத்துவிட்டான். கிளட்ச் தன் பேன்ட்டுகளைப் பிரித்துத் தைக்கும் டெய்லரைக் கூட்டிவந்தார். டெய்லர் கிதார் வாசிப்பார், கழுத்தில் அளவு டேப் தொங்கும். பாடுவதற்குப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். "அவங்க 'அடுத்து வரலாம்'னு கூப்பிட்டாலே பாதி பல்வலி போயிடுது மாமா, அந்தக் குரலை விடலாமா?" என்றான் மருமகன். தினமும் குழுவுக்குப் பெயர் வைக்கச் சண்டை. ஒருநாள் இவரிடமே கேட்டார்கள்.

"ஒழுங்கா வேலையப் பாருங்க," என்றார்.

"நல்ல பேரா இருக்கே!" என்று கிளட்ச் துள்ள, மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவு காலத்தில் அவன் அப்படிச் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

முந்தாநாள் காலை, இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி மருமகன் குச்சிகளைக் கீழே வைத்தான். அடுக்கியிருந்த டின்களில் சாய்ந்தான். கிளட்ச், 'L' பலகை மாட்டிய தன் டிரைவிங் ஸ்கூல் காரில் ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். எந்தப் பயனும் இல்லை. நாற்பதைத் தொட்ட ஆண்பிள்ளை. இதயம் என்றார் டாக்டர்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாடகன் ஒரு பழைய படத்தைப் போட்டு, "என் உயிர்த் தோழன்" என்று எழுதினான். கிதார்காரன் வேறொரு படத்தைப் போட்டு, "என் தாளம் நின்றது" என்று எழுதினான். பெயின்ட் கடைக்காரர் அதையும் பொறுத்துக்கொண்டார். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது மண்டப வாசலில் மைக்குகளுக்கு முன்னால் பாடகன் கறுப்புச் சட்டையோடு நின்று பேசுவது அவர் காதில் விழுந்தது.

"அடுத்த மாசம் எங்க புது ஆல்பத்துக்கு அவன்தான் வாசிக்கறதா இருந்துச்சு. பேசி முடிச்சிட்டோம். ரொம்ப சந்தோஷமா இருந்தான்."

பெயின்ட் கடைக்காரர் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு அடி முன்னே வைத்தார். அதற்குள் பாடகன் நகர, கறுப்புக் கண்ணாடி போட்ட கிதார்காரன் அதே இடத்துக்கு வந்தான்.

"நாங்க மறுபடி சேரணும்னு முடிவாயிடுச்சு. என் குழுவுல அவனுக்கு ஒரு இடத்தைக் காலியாவே வச்சிருந்தேன்."

உயிரோடு இருந்தவரை இவர்கள் இருவரின் குழுவிலும் இடம் கிடைக்காத மனிதன், செத்த மூன்றாம் நாள் இரண்டிலும் சேர்ந்துவிட்டான்.

அவர் விறுவிறுவென்று முன்வரிசைக்கு வந்தார். மகள் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"கேட்டியாம்மா அவங்க சொன்னதை?"

"கேட்டேன்ப்பா."

"பொய்ம்மா. பச்சைப் பொய். எனக்குத் தெரியும். ஸ்டூடியோவுல அன்னைக்கு..." அவர் நிறுத்தினார். இத்தனை நாள் மறைத்ததை இங்கே வைத்துச் சொல்வதா என்று நாக்கு தயங்கியது.

"எனக்கும் தெரியும்ப்பா. அன்னைக்கு ராத்திரியே அவர் சொல்லிட்டாரு. 'மாமா எல்லாத்தையும் பாத்துட்டாரு, பாக்காத மாதிரி சாப்பாடு வாங்கிக் குடுத்தாரு'ன்னு சொன்னாரு."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கேனின் குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தார்கள்.

"இவங்களை வெளிய அனுப்பட்டுமா?" என்றார்.

"வேணாம்ப்பா. உக்காந்துட்டுப் போகட்டும். அவர் மட்டும் உயிரோட இருந்து இவங்க இப்படி வீட்டு வாசலுக்கு வந்திருந்தா, சட்டை மாத்திக்கிட்டு ஓடியிருப்பாரு."

"அதாம்மா எனக்கு ஆத்திரமே."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள் மகள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "பாட்டு மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன். டிரம்ஸ் இல்லாம எதைப் பாடப் போறாங்க?"

சுற்றுமுற்றும் பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவங்க மூணு பேரும் எங்க?"

"யாரு?"

"கிளட்ச், டெய்லர், அந்தப் பொண்ணு."

மகளும் திரும்பிப் பார்த்தாள். மண்டபம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் கழுத்தில் அட்டை. அந்த மூவர் இல்லை.

அவர் வெளி கேட்டுக்குப் போனார். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பாடகனோடு செல்ஃபி எடுக்க முண்டியடித்த கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு மூவரும் நின்றிருந்தார்கள். டெய்லர் தானே தைத்த முழுக்கைச் சட்டையில் வியர்த்து ஊறியிருந்தார். பல் ஆஸ்பத்திரிப் பெண் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தாள். கிளட்ச் தடுப்புக்காரனிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"நாங்க அவரோட குழுதான் தம்பி."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ரசிகர்களுக்குன்னு அப்புறமா தனி நேரம் உண்டு."

பக்கத்தில் நின்ற நிருபர் பெண்ணுக்கு ஆர்வம் வந்து மைக்கை நீட்டினாள். "எந்தக் குழு சார்? பேர் என்ன?"

கிளட்ச் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் பெண்ணைப் பார்த்தார்.

"இன்னும் வைக்கலைங்க," என்றாள் அவள்.

மைக் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பெயின்ட் கடைக்காரர் தடுப்பைக் கையால் நெட்டித் தள்ளினார். அது தரையில் கிறீச்சிட்டது.

"சார், சார், லிஸ்ட்ல பேர் இருக்கறவங்க மட்டும்தான்..."

"யாரு போட்ட லிஸ்ட்டு? என் வீட்டுச் சாவுக்கு யார்டா லிஸ்ட்டு போட்டது?"

அவர் கத்தியது மண்டபம்வரை கேட்டிருக்க வேண்டும். கூட்டம் அடங்கியது. தடுப்புக்காரன் ஒதுங்கினான். மூவரையும் முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்தார், யாராவது மறுபடி நிறுத்தினால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

அவர்கள் உள்ளே வந்தபோது பெட்டியைத் தூக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு ஆறு கைப்பிடிகள். பாடகனின் மேனேஜர் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். "அண்ணன் முன்னால வலது பக்கம். வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது." கிதார்காரனின் மேனேஜருக்கு அதில் சம்மதமில்லை. முன்னால் இடது பக்கமாவது வேண்டும் என்றார். முன்னால் இடது பக்கம் கீபோர்டுகாரனுக்கு என்றார் இவர். இறந்தவனின் சொந்தத் தம்பி ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, தன்னைக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்தான்.

பெயின்ட் கடைக்காரர் பெட்டியின் முன்பக்கம் போய் நின்றார். பாடகன் ஏற்கெனவே கைப்பிடியைப் பிடித்திருந்தான்.

"கையை எடுங்க தம்பி."

"அங்கிள்?"

"தூக்க ஆள் இருக்கு."

"அங்கிள், அவன் எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம்." குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் பாக்கறாங்க."

"கூப்பிட்டிருக்கலாமே தம்பி."

பாடகனுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கண் கீழே போனது.

"கூப்பிடணும்னுதான் இருந்தேன் அங்கிள்."

"அவரும் கூப்பிடுவீங்கன்னுதான் இருந்தாரு."

பாடகனின் கண்ணில் நீர் கட்டியது. நிஜமான கண்ணீராகவே இருக்கலாம். அதையும் ஒரு கேமரா எட்டி வந்து எடுத்துக்கொண்டது. அவன் கையை எடுத்தான். மறுபக்கம் நின்ற கிதார்காரன், யாரும் சொல்லாமலேயே இரண்டடி பின்னால் போய்க் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெயின்ட் கடைக்காரர் பார்த்த பார்வையில் அதை விழுங்கினார்.

"வாங்க கிளட்ச். டெய்லர், இந்தப் பக்கம். தம்பி, நீ ஏன் அங்க கையைக் கட்டிட்டு நிக்கற? வந்து பிடி. நீயும் வாம்மா."

பல் ஆஸ்பத்திரிப் பெண் தயங்கினாள். "நானா? நான் பிடிக்கலாமா?"

"உனக்குக் கை இல்லையா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். ஐந்து பேர். ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. அவர் கடை ஆட்களில் ஒருவனைக் கண்ணால் தேடும்போது, மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். வந்து அப்பாவுக்கு எதிர்ப்புறம் முன்கைப்பிடியைப் பிடித்தாள்.

தூக்கினார்கள். டெய்லர் குள்ளம் என்பதால் பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. "மெதுவா, மெதுவா. அவசரமே இல்ல. லேசா இடது. அவ்வளவுதான், நேரா போங்க," என்று கிளட்ச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கே தெரியாமல் அது வண்டி பழக வருகிறவர்களிடம் பேசும் குரலாக இருந்தது. மகளின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்து மறைந்தது. கேமராக்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. பிறகு, இந்த ஆறு பேரில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று கண்டு, திரும்பி மண்டபத்தை நோக்கி ஓடின. அங்கே இரண்டு பேரும் மறுபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தம் குழிக்கரைவரை விட்டு விட்டுக் கேட்டது.

எல்லாம் முடிந்து மகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் கடைக்கு வந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை. வெயில் இன்னும் இருந்தது. சாமான்களை எடுத்துப் போகிறோம் என்று மூவரும் கோடவுனுக்கு வந்திருந்தார்கள். அவரே பூட்டைத் திறந்துவிட்டார். டிரம்ஸ் இருந்தபடியே இருந்தது. அதைச் சுற்றிச் சாய்ந்து கிடந்த டின்களை யாரும் நிமிர்த்தவில்லை. டெய்லர் கிதாரை உறையில் போடப் போனவர், போடாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு டின்மேல் உட்கார்ந்தார். கிளட்ச்சும் உட்கார்ந்தார். அந்தப் பெண் சுவரோரமாக நின்றாள்.

"எதுக்கும் ஒரு தடவை..." என்றார் கிளட்ச். முடிக்கவில்லை.

பெயின்ட் கடைக்காரர் கடையின் முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து தெருப்படியில் உட்கார்ந்தார். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"வெள்ளை ஒரு டின் வேணுமே. கடை இல்லையா?"

"இன்னைக்கு இல்ல."

"உள்ள ஆள் இருக்கற மாதிரி இருக்கே?"

"இருக்காங்க."

சைக்கிள்காரர் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு கம்பியை யாரோ முறுக்கினார்கள். கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, சரியானது. பிறகு சத்தமில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் குச்சியால் தட்டித் தொடங்கி வைத்தவன் அவன்தான். இப்போது யார் தொடங்குவது என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெண் தொண்டையைச் செருமுவது கேட்டது.

எதிர்ப்புறம் ஒரு லாரி, சரக்கை இறக்கி முடித்தும், எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. பெயின்ட் கடைக்காரர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதை நிறுத்தச் சொல்லத் தெருவைக் கடந்து போனார்.